'சேயூ'வுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

அனுப்பியவர்: ஈசூன் தமிழாசிரியை

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் உயர்நிலைப் பள்ளித் தமிழ் இதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருத்தி, தனக்குப் பிடித்த அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் படங்கள்) பற்றி எழுதித் தந்திருக்கிறாள். யாரும் கேட்டு எழுதியதில்லை, அதனாலேயே உயிரோடு இருக்கிறது. ஒரு பகுதி:

"எல்லாக் கண்ணிலும் நட்சத்திரம் மின்னுகிற மாதிரி பளபளவென்று வரைவது எனக்குப் பிடிக்காது. கோடு தெரிய வேண்டும். வரைந்தவரின் கை தெரிய வேண்டும். குரலும் அப்படித்தான். கத்துகிற குரலைவிட மூச்சு கேட்கிற குரல்தான் எனக்குப் பிடிக்கும். எந்தத் தொடராக இருந்தாலும் முதலில் சேயூ யார் என்று பார்ப்பேன்."

'சேயூ' என்பது அனிமே பாத்திரங்களுக்குக் குரலால் உயிர் கொடுப்பவருக்கான ஜப்பானியச் சொல்லாம். கட்டுரை முழுக்க அதுதான் வருகிறது. மாற்றச் சொன்னேன். 'பின்னணிக் குரல் கொடுப்பவர்' என்று எழுதினாள். மறுநாளே வந்து, "டீச்சர், அது வேற இது வேற" என்றாள். அவள் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. ஆனால் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை. அப்புறம், படம் வரையும் விதத்துக்கு 'ஓவியப் பாணி' என்று போட்டிருக்கிறேன். அது போதுமா என்றும் சொல்லுங்கள்.

---

அனுப்பியவர்: பிடோக் மொழிபெயர்ப்பாளர்

'குரல் நடிகர்'. கேட்டவுடன் புரியும், பெண்பாலுக்கும் மாற்ற எளிது. நான் வசன மொழிபெயர்ப்பில் இதைத்தான் பயன்படுத்துகிறேன். 'ஓவியப் பாணி' நன்றாகவே இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

---

அனுப்பியவர்: உட்லண்ட்ஸ் தம்பி

வணக்கம் டீச்சர், வணக்கம் அக்கா. நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் அசைவூட்டம் படிக்கிறேன். அந்த மாணவி ஏன் 'வேற' என்றாள் என்று எனக்குப் புரிகிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடுகிறது. தொலைக்காட்சி அனிமேயில் பல இடங்களில் ஒரே படத்தை மூன்று சட்டகத்துக்கு நிறுத்திவைப்பார்கள். அதாவது நொடிக்கு 8 படம்தான். 1963இல் ஒசாமு தெசுக்காவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடர் வாராவாரம் வரத் தொடங்கியபோது செலவைக் குறைக்க இப்படிப் படங்களைக் குறைத்தார்கள். அந்தச் சிக்கனம் நாளடைவில் ஓர் அழகியலாகவே ஆகிவிட்டது. பேசும் காட்சியில் முகம் அசையாது. வாய் மட்டும் மூடியது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது என்று மூன்று வடிவத்தில் மாறும். அழுகையா, கோபமா, பொய்யா என்பதை அந்த அசையாத முகத்துக்கு மேல் குரல்தான் எழுத வேண்டும். 'பின்னணி' என்று சொல்லும்போது முன்னால் வேறு யாரோ நடித்து முடித்துவிட்டார் என்று ஆகிறது. அனிமேயில் முன்னால் நடித்தவர் யார்?

இன்னொன்று. மசாக்கோ நோசாவா 1936இல் பிறந்தவர். 1986 முதல் 'டிராகன் பால்' தொடரின் நாயகன் கோக்கு என்ற பாத்திரத்துக்குக் குரல் அவருடையதுதான். சிறுவன் கோக்கு, வளர்ந்த கோக்கு, அவனுடைய மகன்கள் இருவர், எல்லாமே அவர் தொண்டையிலிருந்து வருகிறவை. தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளும் காட்சியில் அது ஒரே ஆள் என்று தோன்றவே தோன்றாது. எனக்குப் பிடித்த அனிமேக்களை வரிசைப்படுத்தச் சொன்னால் படத்தைவிட இந்தக் குரலுக்காகத்தான் பாதி இடம் போகும். இங்கே சிங்கப்பூரில் சன்டெக் அரங்கில் 2008இல் தொடங்கிய அனிமே விழாவுக்குச் சேயூக்கள் விருந்தினராக வருவார்கள். ரசிகர்கள் அவர்களைப் பார்க்கத்தான் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களைப் போய் எப்படிப் பின்னணி என்பது?

நான் 'சேயூ' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பேன். சுனாமியை அப்படியே எடுத்துக்கொண்டோம் இல்லையா?

---

அனுப்பியவர்: தோ பாயோ பெரியவர்

தம்பி எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் 'சேயூ' வேண்டாம். தமிழ் எழுத்தில் பார்த்தவுடன் சேய் நினைவுக்கு வருகிறது. சேய் என்றால் குழந்தை, சேய் என்றால் முருகன், சேய்மை என்றால் தொலைவு. ஒரு சொல்லுக்கு இத்தனை நிழல் விழுந்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

நம்மிடம் இதற்கு ஒரு வேர் இருக்கிறது. விறல். சங்க காலத்தில் பாணரோடு வந்த பெண் கலைஞரை விறலி என்றார்கள். ஏன் அந்தப் பெயர்? உள்ளத்து உணர்ச்சி புறத்தே தோன்றும்படி ஆடுகிறவள், பாடுகிறவள் என்பதால். வடமொழியார் சத்துவம் என்பதைத்தான் நம் உரைகாரர்கள் விறல் என்ற சொல்லோடு வைத்துப் பேசுகிறார்கள். தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி, சொன்னார். அந்த எட்டையும் குரலில் மட்டுமே கொண்டுவருகிறவர் 'குரல்விறலர்'. நோசாவா அம்மையாரைக் 'குரல்விறலி' என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது!

ஜப்பானியச் சொல்லின் இரண்டாம் எழுத்துக்குச் சிறந்தது, மேம்பட்டது என்றும் பொருள் உண்டு என்று நூலகத்து அகராதியில் பார்த்தேன். விறல் என்பதற்கும் பெருமை, சிறப்பு என்ற பொருள்கள் உண்டு. இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

வரைகிறவர்களுக்கும் சொல் இருக்கிறது. மதுரைக்காஞ்சியில் ஓவியர்களைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறார் மாங்குடி மருதனார். பார்ப்பவர் கண்ணுக்குள்ளே தம் தொழிலை நிறுத்துகிறவர்கள். அசைவூட்டக் கலைஞருக்கு இதைவிட வேறு சொல் எதற்கு?

---

அனுப்பியவர்: பிடோக் மொழிபெயர்ப்பாளர்

> ஜப்பானியச் சொல்லின் இரண்டாம் எழுத்துக்குச் சிறந்தது, மேம்பட்டது என்றும் பொருள் உண்டு

ஐயா, உங்கள் படிப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த எழுத்து இங்கே நடிகரைக் குறிக்கும் 'ஹாய்யூ' என்ற சொல்லின் சுருக்கமாக வருகிறது. முதல் எழுத்து குரல், இரண்டாவது நடிகர். ஜப்பானியரே 'குரல் நடிகர்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

விறலில் எனக்கு வேறு தடையும் உண்டு. விறல் உடம்பில் தெரிவது. கண்ணீர், வியர்வை, மெய்சிலிர்ப்பு. விறலியைப் பார்த்தார்கள். சேயூவின் உடம்பை யாரும் பார்ப்பதில்லை. இன்றைய மாணவி அகராதியைத் திறந்தால் விறலுக்கு முதலில் கிடைப்பது வெற்றி, வலிமை. குத்துச்சண்டை வீரர் என்று நினைத்துக்கொள்ளவும் கூடும்.

---

அனுப்பியவர்: கிளமெண்டி இலக்கண ஆர்வலர்

இரு தரப்பும் புணர்ச்சியை மறந்துவிட்டீர்கள். 'குரல் நடிகர்' என்றால் குரலால் நடிக்கும் நடிகர், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தோன்றல் + நல்லன் = தோன்றனல்லன் என்று ஆவதுபோல, நன்னூல் விதிப்படி சேர்த்தால் 'குரனடிகர்' என்றே வர வேண்டும். அதை ஏற்க மாட்டீர்கள் என்று தெரியும். அப்படியானால் 'குரற்கலைஞர்' என்று போடுங்கள், விதியும் நிற்கும், ஓசையும் நிற்கும்.

குரல் என்பது தினைக்கதிருக்கும் பெயர், ஏழிசையில் முதல் இசைக்கும் பெயர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதிர் முற்றித் தலைசாய்வதற்கும் மிடற்றோசைக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்பதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

---

அனுப்பியவர்: உட்லண்ட்ஸ் தம்பி

'குரற்கலைஞர்' என்றால் பாடகரும் அதில் அடங்கிவிடுவார் ஐயா. பலகுரல் மன்னர்களும்தான்.

உடம்பு பற்றி அக்கா சொன்னதற்குப் பதில் சொல்ல ஆசை. சேயூவின் உடம்பு நமக்குத் தெரியாது, உண்மை. ஆனால் ஒலிப்பதிவுக்கூடத்தில் அவர்கள் வசனத்தாளைக் கையில் பிடித்து ஒலிவாங்கி முன் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். ஓடுகிற காட்சிக்கு மூச்சு வாங்க வேண்டும். அடி வாங்குகிற காட்சிக்கு வயிறு இறுக வேண்டும். உடம்பு நடிக்காமல் குரல் நடுங்காது. இந்த இடத்தில் தோ பாயோ ஐயா பக்கம்தான் நான்.

இயக்குநர் இசாவோ தக்காஹாத்தாவின் 2013ஆம் ஆண்டு அனிமே படத்தை அந்த மாணவி கட்டாயம் பார்த்திருப்பாள், 'கோடு தெரிய வேண்டும்' என்கிறாளே. மூங்கிலுக்குள் கிடைத்த இளவரசி ககுயாவின் பழங்கதை. நீர்வண்ணம் தொட்டும் தொடாமலும் இருக்கும், சட்டகத்தின் ஓரமெல்லாம் வெற்றுத்தாள். அவள் விருந்திலிருந்து தப்பி ஓடும் காட்சியில் கரிக்கோடுகள் பிய்ந்து, முகமே கிறுக்கலாகிவிடும். பணக்கார வண்ணமும் கணினி ஒளியும் கொட்டிய எத்தனையோ படங்களை நான் ரசித்திருக்கிறேன். ஆனால் கோபத்தை வெறும் கோட்டால் இவ்வளவு அருகில் காட்டிய படம் எனக்கு வேறு இல்லை.

அந்தப் படத்தில் குரலைத்தான் முதலில் பதிவுசெய்தார்கள். படம் அதற்குப் பிறகு வரையப்பட்டது. மூங்கில் வெட்டும் கிழவருக்குக் குரல் கொடுத்த தாக்கேவோ சீ 2012லேயே இறந்துவிட்டார். படம் வெளிவந்தபோது அவர் இல்லை, அவர் குரலைக் கேட்டுக்கொண்டே கிழவரின் முகத்தை வரைந்து முடித்திருந்தார்கள். 1988இல் வந்த 'அகிரா' என்ற அனிமே படத்திலும் குரல்தான் முந்தியது. ஆக, 'பின்னணி' என்பது காலக்கணக்கிலும் தவறு.

---

அனுப்பியவர்: பிடோக் மொழிபெயர்ப்பாளர்

நல்ல எடுத்துக்காட்டு தம்பி. ஆனால் தாக்கேவோ சீ திரைப்பட, தொலைக்காட்சி நடிகர். சேயூவைத் தொழிலாகக் கொண்டவர் இல்லை. 'டொட்டோரோ' என்ற அனிமே படத்தில் அப்பாவுக்குக் குரல் கொடுத்த ஷிகெசாத்தோ இத்தோய் விளம்பர வாசகம் எழுதுபவர். அவர்களைச் சேயூ என்பீர்களா?

---

அனுப்பியவர்: உட்லண்ட்ஸ் தம்பி

சேயூ என்று சொல்ல மாட்டேன் அக்கா. ஆனால் அவர்கள் செய்தது 'குரல் நடிப்பு' என்பேன். தொழிலுக்கு ஒரு சொல், செயலுக்கு ஒரு சொல் என்று இரண்டு வேண்டும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

---

அனுப்பியவர்: தோ பாயோ பெரியவர்

ககுயாவைப் பற்றிப் படித்ததும் நெடுநல்வாடைக்குப் போய்விட்டேன். அணிகலன் களைந்து, பிரிவில் வாடிக் கட்டிலில் கிடக்கும் அரசியைப் 'புனையா ஓவியம்' போல இருந்தாள் என்கிறது அது. வண்ணம் தீட்டாத, கோடு மட்டும் கொண்ட ஓவியம். மணிமேகலையிலும் வருகிறது. கோட்டால் நிற்கும் ஓவியப் பாணிக்கு இரண்டாயிரம் ஆண்டாக நம்மிடம் பெயர் காத்திருக்கிறது. டீச்சர், மாணவியிடம் இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

புரியாது, புரியாது என்கிறீர்கள். டிஜிட்டலுக்கு வைத்த 'மின்னிலக்கம்' முதலில் யாருக்குப் புரிந்தது? இன்று சிங்கப்பூரில் அரசாங்க அறிவிப்பு முழுக்க அதுதான். நான் வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவன். நாடகம் தொடங்கினால் வீடே அடங்கிவிடும். முகம் தெரியாத அந்தக் கலைஞர்களை நாங்கள் 'வானொலி நடிகர்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டோம். அவர்கள் கலைக்கென்று ஒரு தனிப்பெயர் வைக்கவில்லை. அந்தக் குறை இந்தத் தலைமுறையிலாவது தீரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

---

அனுப்பியவர்: பிடோக் மொழிபெயர்ப்பாளர்

ஐயா, 'மின்னிலக்கம்' தினமும் தமிழ் முரசிலும் வீட்டுக்கு வரும் கடிதத்திலும் அச்சானதால் நின்றது. 'பெருவிரைவு ரயில்' அப்படி அச்சானது, ஆனாலும் பேச்சில் எம்ஆர்டிதான். நம் சொல் ஒரு பள்ளி இதழில் ஒரு முறை வரப்போகிறது. அது படித்த கணத்திலேயே புரிந்தாக வேண்டும்.

'புனையா ஓவியம்' அழகு, ஆனால் ககுயாவில் வண்ணம் இருக்கிறது. அதற்கு அப்படியே பொருந்தாது. கோட்டு வரைவு மட்டும் உள்ள கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

---

அனுப்பியவர்: ஈசூன் தமிழாசிரியை

வியாழன் இரவாகிவிட்டது, முடிவு சொல்ல வேண்டும். தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் 'குரல் நடிகர்' பக்கமே பலர். செயலுக்குக் 'குரல் நடிப்பு'. இரண்டும் பிரித்தே எழுதப்படும். கிளமெண்டி ஐயா மன்னிக்க வேண்டும், 'குரனடிகர்' என்று போட்டால் அச்சுப்பிழை என்று பெற்றோர் எழுதுவார்கள். முதல் இடத்தில் மட்டும் 'ஜப்பானியர் சேயூ என்றழைக்கும் குரல் நடிகர்' என்று வருகிறது. மாணவிக்குச் சம்மதம்.

'புனையா ஓவியம்' பற்றி அவளிடம் சொன்னேன். 'கோடு தெரிய வேண்டும்' என்ற வரிக்குப் பக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டாள். அது அப்படியே அச்சுக்குப் போகிறது. 'ஓவியப் பாணி'யை யாரும் மறுக்காததால் அதுவும் போகிறது.

---

அனுப்பியவர்: தோ பாயோ பெரியவர்

பெரும்பான்மையை ஏற்கிறேன், சொல்லை ஏற்கவில்லை. 'நடிகர்' என்றவுடன் முகம்தான் வருகிறது. முகமே இல்லாத கலைக்கு முகத்தின் சொல்லைக் கொடுத்திருக்கிறோம். என் குறிப்பேட்டில் 'குரல்விறலர்' இருக்கும். அடுத்த முறை யாராவது கேட்டால் மறுபடியும் சொல்வேன்.

---

அனுப்பியவர்: உட்லண்ட்ஸ் தம்பி

ஐயா, உங்கள் குறிப்பேட்டில் இன்னும் இரண்டு சொல்லுக்கு இடம் வையுங்கள். ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மூத்த கலைஞர் வரைவதை ஜப்பானியர் 'கெங்கா' என்கிறார்கள். நடுவில் நிரப்பும் படங்கள் 'தோகா'. என் இறுதி ஆண்டு ஒப்படைப்பைத் தமிழிலும் விளக்க நினைக்கிறேன். 'முதன்மை வரைவு', 'இடை வரைவு' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். 'கண்ணுள் வினைஞர்' என்பதை முதலாவதை வரைகிறவருக்கு மட்டும் வைக்கலாமா, இருவருக்கும் பொதுவா?