வெந்நீர்க் குழாயில் மட்டும் தண்ணீர் குறைகிறதா? உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

வேளச்சேரி, இரண்டாம் மாடி:

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு இந்தப் புகார் கிளம்பும். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கையைச் சுடுகிறது. கீசர் ஸ்விட்சை யாரும் தொடுவதில்லை. மாதக்கணக்கில் ஓட்டமில்லாமல் கிடந்த கீசர் வால்வில் உப்பு இறுகி, குளிர் தொடங்கும் நேரத்தில் பல்லிளிக்கிறது.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். பச்சைத் தண்ணீர் ஜோராகக் கொட்டியது, வெந்நீர் நூல் மாதிரி இறங்கியது. பார்க்க வந்த பிளம்பர் கீசரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள டேங்க் அடைச்சிருக்கு, புதுசு மாத்திடுங்க" என்றார். 25 லிட்டர் கீசர், நன்றாகத்தான் சுடுகிறது. தண்ணீர் எந்த இடத்தில் தடைபடுகிறது என்றே தெரியாமல் அதைத் தூக்கிப்போட எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஒவ்வொரு குழாயாகப் பார்த்தோம். 10 லிட்டர் வாளியை வைத்து முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர் எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று செல்போனில் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். இரண்டும் வருவது ஒரே தொட்டியிலிருந்து. பச்சைத் தண்ணீர் ஒரு நிமிடத்தில் நிறைந்து, வெந்நீர் மூன்று நிமிடம் இழுத்தால் தொட்டியையும் மோட்டாரையும் குறை சொல்லிப் பயனில்லை. கீசருக்குத் தண்ணீர் போகும் வழிக்கும் குழாய் வாய்க்கும் நடுவில் எங்கோ அடைப்பு. ஒரே ஒரு குழாயில் மட்டும் வெந்நீர் குறைந்தால், அந்தக் குழாயையும் அதற்குப் போகும் லைனையும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அதே கீசரிலிருந்து சமையலறை சிங்க்குக்கும் லைன் போகிறது, அங்கேயும் வெந்நீர் குறைவு. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான இடம், அதாவது கீசர் பக்கம்.

இரண்டாவதாக வந்த பிளம்பர் அண்ணன் பொறுமைசாலி. முதலில் கீசரின் கரண்டை நிறுத்தும் எம்.சி.பி. ஸ்விட்சை இறக்கினார், தண்ணீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தார். கீசருக்குக் கீழே தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் காக்கை மூடி, கனெக்ஷன் பைப்பின் கீசர் பக்க முனையைக் கழற்றி வாளிக்குள் விட்டுத் திறந்தார். பீய்ச்சி அடித்தது. சரி, அதுவரை அடைப்பில்லை. அடுத்தது கீசரின் நுழைவாயில் திருகியிருக்கும் சேஃப்டி வால்வு. தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஸ்பிரிங் மூடியும், உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற்றும் வழியும் அந்தச் சின்ன உருப்படிக்குள்ளேயே இருக்கின்றன. கழற்றினால் ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு. மூடி பாதிகூட விலகவில்லை. புது வால்வு சில நூறு ரூபாய்தான். மாட்டியதும் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வந்தன.

இதைச் செய்பவர்கள் கவனிக்க: வால்வைக் கழற்றினால் கீசருக்குள் இருக்கும் தண்ணீர் அந்த வழியாகவே இறங்கும், கீழே பெரிய வாளி வேண்டும். திரும்ப மாட்டியபின் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வரும்வரை கரண்டைப் போடவே கூடாது. டேங்க் காலியாக இருக்கும்போது போட்டால் உள்ளே சூடாக்கும் காயில் போய்விடும். அந்த வால்வின் பக்கவாட்டு ஓட்டையில் சொட்டுகிறது என்று எம்-சீல் பசை வைத்து அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சூடாகி விரியும் தண்ணீருக்கு அதுதான் வெளிவழி. அதை அடைத்த கீசர் வெடிக்கும் ஆபத்து உண்டு.

ஆதம்பாக்கம்:

எங்களுக்கு வாஷ்பேசினில் மட்டும்தான் வெந்நீர் வரவில்லை, ஷவரில் நன்றாக வந்தது. பேசினுக்கு அடியில் கம்பி பின்னிய கனெக்ஷன் பைப் இரண்டு இருக்குமே, வெந்நீர்ப் பக்கத்துப் பைப்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் தெரியவே இல்லை. வெளியே ஸ்டீல் பின்னல் புதுசு மாதிரி மின்னுகிறது, உள்ளே ரப்பர் சூட்டில் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. புது பைப் போட்டோம், தீர்ந்தது. வாங்கும்போது வெந்நீருக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய திருகு குழாய் வைத்திருப்பவர்கள் வாஷரையும் பார்க்கலாம். வெந்நீரில் ரப்பர் வாஷர் ஊறிப் பெருத்து வழியை மறைக்கும்.

மயிலாப்பூர், பழைய தனிவீடு:

வேளச்சேரி சார் சொன்ன முறை சரிதான், ஆனால் எங்களை மாதிரி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வீடுகளுக்கு வால்வோடு முடியாது. சுவருக்குள் புதைத்த அரை அங்குல ஜி.ஐ. லைன், என் மாமனார் காலத்தில் போட்டது. வால்வு மாற்றினோம், ஆங்கிள் காக் மாற்றினோம், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் மிக்ஸர் குழாயின் கார்ட்ரிட்ஜையும் (உள்ளே திறந்து மூடும் பாகம்) மாற்றினோம். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் தேவலாம் போல இருக்கும், மறுபடி குறையும். காலையில் திறந்ததும் முதலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததுமே குழாய்தான் என்று முடிவுக்கு வந்திருக்கலாம் என்று எங்கள் பிளம்பரே பிறகு சொன்னார்.

ஒரு துண்டை வெட்டி எடுத்துக் காட்டினார். பென்சில் ஒன்று சிரமப்பட்டுத்தான் உள்ளே நுழைந்தது. துருவும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காக ஏறியிருந்தன. உள்விட்டம் பாதியானால் தண்ணீர் போகும் பரப்பு கால்வாசிதான். உராய்வும் சேர்ந்துகொள்வதால் வரத்து அதையும்விடக் குறைந்துவிடும். பச்சைத் தண்ணீர் லைனும் அதே வயசுதான், ஆனால் சூட்டில் துருவும் படிவும் வேகமாக ஏறுவதால் வெந்நீர் லைன் முந்திக்கொண்டது.

டைல்ஸை உடைக்கவில்லை. பழைய லைனை அப்படியே கைவிட்டு, சுவருக்கு வெளியே சி.பி.வி.சி. ஓட்டினோம். வெந்நீருக்கென்று விற்கும் வெண்ணெய் நிறக் குழாய் அது, 93 டிகிரி வரை தாங்கும். வெள்ளை யு.பி.வி.சி. பச்சைத் தண்ணீருக்கு மட்டும்தான். விலை குறைவு என்று வெந்நீர் லைனில் அதைப் போட்டால் சூட்டில் இளகி வளைந்து, இணைப்பு விட்டுவிடும். பார்ப்பதற்குக் கொஞ்சம் அசிங்கம்தான், ஆனால் என் மாமியார் காலையில் வெந்நீருக்காகக் காத்து நிற்பதில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

சோழிங்கநல்லூர்:

எங்களுக்கு லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து வருகிறது. நீங்கள் எதை மாற்றினாலும் தண்ணீர் மாறாதவரை படிவு திரும்ப வரும் என்பதுதான் நாங்கள் கண்டது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து காயிலிலும் வால்விலும் ஒட்டிக்கொள்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. எங்கள் சங்கத்தில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது அந்த மேல் எல்லையையும் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் கட்டடம் முழுமைக்கும், கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைப்பது பற்றிப் பேச்சு எழுந்தது.

அதுவரை வீட்டில் செய்தது: கீசரின் சூட்டு அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை 75 டிகிரியிலிருந்து 60-க்கு இறக்கினோம். அதற்கு மேல் சூடாக்கினால் படிவு வேகமாக ஏறும். குழாய் வாயிலுள்ள வலையையும் ஷவர் தலையையும் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்து ராத்திரி ஊறவைத்தோம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலே தருவார்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை இதற்கு எடுக்காதீர்கள், குரோம் பூச்சும் பித்தளையும் அரித்துவிடும்.

குரோம்பேட்டை, சோலார் ஹீட்டர்:

சோலார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு, ஏர் லாக். வெந்நீர்க் குழாய் மாடியில் ஒரு இடத்தில் மேலேறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கி, வரத்து விட்டு விட்டு வரும், அப்புறம் நின்றே போகும். அதிகாலையில் தண்ணீர் ஆறியிருக்கும் நேரம் பார்த்து, மிக்ஸரின் வாயைக் கையால் இறுக்கி மூடி, இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் திறந்தேன். பச்சைத் தண்ணீரின் அழுத்தம் வெந்நீர் லைனுக்குள் ஏறிக் காற்றைப் பின்னால் தள்ளியது. வெந்நீர் லைனில் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு இருந்தால் இது பலிக்காது. அந்த மேட்டிலிருந்து தொட்டி நீர்மட்டத்துக்கு மேலே ஒரு காற்றுக் குழாய் ஏற்றிய பிறகு இப்போது தொந்தரவில்லை.

பெரம்பூர், மேல்மாடி:

எங்களுக்கு இரண்டுமே குறைவுதான், வெந்நீர் இன்னும் மோசம். வெந்நீர் லைனில் ஒரு சின்ன பம்ப் போட்டுவிடலாம் என்கிறார் பிளம்பர். செய்யலாமா சார்?

வேளச்சேரி, இரண்டாம் மாடி:

இரண்டுமே குறைந்தால் உயரம்தான் முதல் காரணமாக இருக்கும் அக்கா. தொட்டி நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு மீட்டர் உயரம் இருந்தால் கிடைப்பது 0.1 பார் அழுத்தம்தான். மேல்மாடியில் ஷவருக்கும் தொட்டிக்கும் ஒன்றரை மீட்டர்கூட இருக்காது. வழியில் சின்ன அடைப்பு இருந்தாலும் உடனே தெரியும். அதனால் முதலில் கீசர் வால்வைப் பார்த்துவிடுங்கள். அதன் பிறகும் பம்ப் வேண்டும் என்றால், வெந்நீர் லைனில் மாட்டாமல் தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் லைனில் போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சமமாக ஏறும், பம்ப்பும் சூட்டில் கெடாது. கீசரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை பார் தாங்கும் என்று போட்டிருக்கும், பம்ப்பின் அழுத்தம் அதற்குள் அடங்க வேண்டும். தொட்டியின் ஸ்டாண்டை உயர்த்துவதும் ஒரு வழிதான். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன், அதனால் தளம் தாங்குமா என்று ஒரு இன்ஜினியரிடம் காட்டிவிட்டு உயர்த்துங்கள்.