சிங்கராஜ வனம்: கண்டதை எழுதுங்கோ, போறவைக்கு உதவும்

வெள்ளவத்தை வாசி:
குடாவப் பக்க வாசல், 1970களில் மரம் ஏற்றப் போட்ட பழைய பாதை. முதலில் சிலம்பன் குருவிகளின் சலசலப்பு, பின்னால் கொண்டைக் கரிச்சான் குருவி. சிலம்பன்கள் இலையைக் கிளற, கலைஞ்சு பறந்த பூச்சியைக் கரிச்சான் அந்தரத்திலேயே கவ்வினது. இந்தக் கலப்புக் கூட்டத்தில சராசரியா 40 பறவைகள் மட்டில் சேர்ந்து இரை தேடும். அந்த நேரம் பார்த்து ஒரு குழு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. முழுக் கூட்டமும் சரிவுக்குள் இறங்கிட்டுது. தயவுசெய்து ஸ்பீக்கரை வீட்டில விட்டிட்டுப் போங்கோ.

கொட்டாஞ்சேனை:
கல்லுப்படியில் ஒரு பெடியன் கை ஊன்றப் போனான். விரலுக்கு ஒரு சாண் தள்ளிக் குணகட்டுவா எண்ட விரியன் பாம்பு. காய்ஞ்ச இலை நிறம், மூக்கு நுனி மேலெழும்பியிருக்கும், அசையவே அசையாது. வழிகாட்டி மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்ததால தப்பினான். இந்தியாவிலிருந்து வாற விஷமுறிவு மருந்து இந்தப் பாம்புக்கு வேலை செய்யாது. அதுக்காகக் கடிபட்டவை வீட்டில இருக்கக்கூடாது. இரத்தம் உறையுதா, சிறுநீரகம் சரியா எண்டு ஆஸ்பத்திரியில வைச்சுத்தான் பார்ப்பினம். கையை எங்க வைக்கிறம் எண்டு பார்த்து வைக்கவேணும். மற்றது, அட்டைக்கு உப்புப் பொட்டலம் கொண்டு போங்கோ.

தெஹிவளை:
கொட்டாஞ்சேனை அண்ணா, பாம்புக் கதை சரி, உப்பு வேண்டாம். மழையில பத்து நிமிஷத்தில கரைஞ்சு போயிடும். கரைஞ்சது ஓடைக்குத்தான் போகும். அங்க இருக்கிற தவளைகள் தோலால மூச்சு விடுறதுகள், உப்பு அதுகளைக் கொல்லும். சவர்க்காரமும் அப்படித்தான், ஓடையில கால் கழுவாதேங்கோ.

அட்டை நிலத்திலிருந்துதான் ஏறும். அதால அட்டை சொக்ஸ் போதும், ஆனால் நெருக்கமா நெய்த துணியாய் இருக்கவேணும். சாதாரண சொக்ஸின் பின்னல் ஓட்டைக்குள்ளால அது நூல் மாதிரி மெலிஞ்சு உள்ளே போகும். காற்சட்டைக் காலைச் சொக்ஸுக்குள்ள செருகி, முழங்காலுக்குக் கீழ நாடாவை இறுக்கிக் கட்டி, பிறகு சப்பாத்தைப் போடுங்கோ. நாடா தளர்ந்தால் அந்த இடத்தாலதான் முதல் அட்டை உள்ளே போகும்.

கடிச்சால் பிடிச்சு இழுக்கவும் வேண்டாம், நெருப்பு வைக்கவும் வேண்டாம். மெல்லிய முனைதான் வாய். அதுக்குக் கீழ நகத்தைச் செருகித் தள்ளி, பிறகு தடிச்ச முனையைக் கழட்டுங்கோ. இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை விடுறதால கனநேரம் கசியும். சுத்தமான துணியால அமத்திப் பிடிச்சால் நிக்கும். பயப்பட ஒண்டுமில்லை.

மட்டக்குளி:
ஒருத்தரும் வாசலைப் பற்றிச் சொல்லேல்லை. குடாவ வாசலுக்கு இரத்தினபுரி, கலவான, வெத்தாகல வழி, அல்லது அதிவேகப் பாதையில வெலிப்பன்னயில இறங்கி மத்துகம, அகலவத்த, கலவான. பிட்டதெனிய வாசலுக்குத் தெனியாயப் பக்கத்தால போகவேணும். ரெண்டுக்கும் நடுவில காட்டுக்குள்ளால வாகனப் பாதை கிடையாது. மாறிப் போனால் காட்டைச் சுத்தி மணித்தியாலக் கணக்கில ஓடவேணும். ஒரு வான் நிறையச் சனம் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து, தங்கட வழிகாட்டி மற்ற வாசலில நிக்கிறார் எண்டு அறிஞ்சு, குழந்தைகளோட ரோட்டுக்கரையில சோத்துப் பார்சலைப் பிரிச்சுக்கொண்டிருந்தது. போனில வாசல் பெயரைச் சொல்லி உறுதிப்படுத்துங்கோ, 'சிங்கராஜ' எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

யால தேசியப் பூங்கா மாதிரி இது வனசீவராசிகள் திணைக்களத்துக்குக் கீழ இல்லை, வன பாதுகாப்புத் திணைக்களத்தின்ர காடு. டிக்கெட்டும் அவையிட்டத்தான். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டினம். உள்ளூர்க் கட்டணத்துக்கு ஐடென்டிடி கார்ட் வேணும்.

வெள்ளவத்தை வாசி:
மாதத்தையும் சேர்த்து எழுதுங்கோ. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு. ஓகஸ்டும் பரவாயில்லை.

தெஹிவளை:
குறைவுதான், இல்லையெண்டில்லை. அது மழைக்காடு. பெப்ரவரியிலும் போனை ரெண்டு பொலித்தீன் பையில சுத்தித்தான் கொண்டு போகவேணும், வெறும் பையைத் திருப்பிக் கொழும்புக்கே கொண்டு வரவேணும்.