வக்கீல் சித்தப்பா பேர்ல ஒரு உதவித்தொகை

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்
ஞாயிற்றுக்கிழமை

மதுரை மாமா, காலை 7:12
எல்லோருக்கும் வணக்கம். வர்ற மாசம் வக்கீல் மச்சானுக்கு முதல் தெவசம். அன்னதானம் எப்பவும் போல நடக்கட்டும். அது போக அவர் பேர்ல நிலையா ஒண்ணு செய்யணும். அவர் படிச்ச பள்ளிக்கூடத்துல முதல் மார்க் எடுக்குற பிள்ளைக்கு வருஷா வருஷம் மெடல் குடுக்கலாமா?

நான், காலை 7:20
மெடல் வேண்டாம் மாமா. சித்தப்பா கடைசி வரைக்கும் ஓடுனது அவர் மகன் ராசா மாதிரி மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக. அவங்களுக்காக நடக்குற ட்ரஸ்ட்ல வேலை பாக்குற டீச்சர், பிசியோ, சோஷியல் ஒர்க்கர் மேல படிக்க அந்தப் பணம் போகட்டும்.

தம்பி பெங்களூரு, காலை 7:31
நல்ல விஷயம்தான் அக்கா. ஆனா சித்தப்பா வக்கீலாச்சே. வக்கீலுக்குப் படிக்கிறவங்களுக்குக் குடுக்குறதுதானே பொருத்தம்?

சித்தி, காலை 8:04
நான் சொல்றேன் தம்பி. ராசாவுக்கு 18 முடிஞ்ச வருஷம் அவன் பேர்ல இருந்த டெபாசிட்டை மாத்த பேங்குக்குப் போனோம். அவனால கையெழுத்துப் போட முடியாது. "நான்தான் அப்பா, நான் போடுறேன்"னு சித்தப்பா சொன்னாங்க. மேஜர் ஆயிட்டா அப்பாங்கிறது மட்டும் போதாது சார், சட்டப்படி பாதுகாவலர்னு கார்டியன் ஆர்டர் கொண்டு வாங்கன்னுட்டாங்க. ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுன மனுஷன், அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல.
மறுநாள் ராசாவோட ஸ்பெஷல் டீச்சர்தான் சொன்னா. 1999-ல வந்த நேஷனல் ட்ரஸ்ட் சட்டம் இருக்கு, கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், கலெக்டர் தலைமையில ஒரு கமிட்டி இருக்கு, அதுவே கார்டியனை நியமிக்கும்னு. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல குறைபாடு சேர்ந்து இருக்குறவங்க, இந்த நாலு வகைக்கும் உண்டுன்னு. நிராமயா இன்சூரன்ஸையும் அவதான் எழுதிப் போட்டா. வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் வைத்தியச் செலவு.
வழி காட்டுனது அந்த டீச்சர். அதுக்கப்புறம்தான் சித்தப்பா அந்தச் சட்டத்தையே எடுத்துப் படிச்சாங்க.

மதுரை மாமா, காலை 8:10
இது எனக்குத் தெரியவே தெரியாது தங்கச்சி.

அத்தான், காலை 8:26
அத்தை, வக்கீல் மாமா எனக்கு ஒரு பாடம் சொல்லிக் குடுத்தாங்க. பிள்ளையைப் பாத்துக்கிற கார்டியன் வேற ஆளா இருக்கணும், பிள்ளைக்குன்னு ட்ரஸ்ட்ல எழுதி வைக்கிற பணத்தைப் பாத்துக்கிற ட்ரஸ்டி வேற ஆளா இருக்கணும். ஒருத்தரை ஒருத்தர் கணக்குக் கேக்கணும். வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதிட்டா கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கிற எத்தனை பேரை அவங்க உக்கார வச்சுப் பேசியிருக்காங்க. ஃபீஸ் வாங்குனதே இல்ல.

அக்கா, காலை 8:41
நான் ட்ரஸ்ட்ல 14 வருஷமா இருக்கேன், அதனால சொல்றேன். "எங்களுக்கு அப்புறம் இவனை யார் பாப்பா"ன்னு ஒரு அம்மா முதல்ல கேக்குறது எங்ககிட்டதான். பதில் தெரியாம எத்தனையோ தடவை பேச்சை மாத்தியிருக்கேன். இதெல்லாம் சொல்லிக் குடுக்குற பயிற்சிக்குப் போகணும்னா லீவு போட்டு, பஸ் சார்ஜ் போட்டு, ரூம் எடுத்துப் போகணும். எங்க வேலைக்கு வேண்டிய இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவைப் புதுப்பிக்கவும் 5 வருஷத்துக்குள்ள பயிற்சிப் புள்ளி சேக்கணும். வாங்குற சம்பளத்துல முடியாது. சென்னை பக்கத்துல முட்டுக்காட்டுல இருக்குற, பல குறைபாடு உள்ளவங்களுக்கான தேசிய நிறுவனத்துல 2 வருஷ பி.எட். சிறப்புக் கல்விக்கு இடம் கிடைச்சும் எங்ககூட வேலை பாக்குற பிள்ளை ஒண்ணு போகல. ஹாஸ்டல் பணம்தான் காரணம்.
டிகிரிக்கு மட்டும்னு வைக்காதீங்க. 3 நாள் பயிற்சிக்கும் குடுங்க.

தம்பி பெங்களூரு, காலை 8:47
சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். என் பங்கு 1 லட்சம்.

அத்தான், காலை 9:05
எல்லாரும் சேர்ந்து 5 லட்சம் போட்டா, 7 சதவீத வட்டியில வருஷத்துக்கு 35,000 வரும். அதுக்குன்னு நாம தனியா ட்ரஸ்ட் பதிய வேண்டாம். வருஷா வருஷம் ஆடிட், ரிட்டர்ன்னு அந்தச் செலவே வட்டியைத் தின்னுரும். ஏற்கெனவே நல்லா நடக்குற ஒரு ட்ரஸ்ட்டுக்குக் கார்பஸா, அதாவது நிலை நிதியா, குடுத்துரலாம். முதலைத் தொடக் கூடாது, வட்டி இந்த உதவித்தொகைக்கு மட்டும்னு லெட்டர்ல எழுதிக் குடுக்கணும். யாரும் ரொக்கமா குடுக்காதீங்க, 2,000-க்கு மேல ரொக்கம்னா நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடையாது.

மதுரை மாமா, காலை 9:18
ஒரு சந்தேகம். நம்ம பணத்துல படிச்சுட்டு, சம்பளம் கூடக் கிடைக்குற இடத்துக்குப் போயிட்டா? 3 வருஷம் அங்கேயே இருக்கணும்னு எழுதி வாங்கிரலாமா?

அக்கா, காலை 9:21
வேண்டாம் மாமா. அந்தப் பிள்ளைகளைக் கட்டிப் போட வேண்டாம்.

மதுரை மாமா, காலை 9:23
நான் தப்பா சொல்லலம்மா. ட்ரஸ்ட்டுக்கு நஷ்டம் ஆயிரக் கூடாதுன்னுதான்.

சித்தி, காலை 9:40
பாண்டு வேண்டாம் அண்ணே. போற இடத்துலயும் ராசா மாதிரி ஒருத்தன் இருப்பான்ல.

மதுரை மாமா, காலை 9:44
சரிம்மா. விட்டுட்டேன்.

நான், காலை 9:52
அப்போ லெட்டரை அத்தான் எழுதட்டும். பயிற்சியில கார்டியன்ஷிப், ட்ரஸ்ட் பத்திரம் பத்தின பாடம் இருந்தா முதல் இடம்னு ஒரு வரி சேக்கணும். சித்தி, போர்டுல என்ன பேர் போட? "சமூக சேவகர்"னு போடலாமா?

சித்தி, காலை 10:15
அது வேண்டாம். "ராசா அப்பா"ன்னு போடுங்க. அந்தத் தாய்மார் எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவாங்க. கீழே வக்கீல்னு சின்னதா.