சோப்பு போட்டு எழுப்பும் ஊற்றைப் பார்க்கப் போகலாமா?

வழிப்போக்கன்: நியூசிலாந்து போகிறவர்கள் பலரும் லேடி நாக்ஸ் கொதிநீர் ஊற்றைப் பயணத் திட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். தினமும் காலை 10:15-க்கு ஊழியர் ஒருவர் வந்து ஊற்றின் வாயில் சோப்புக் கலவையைக் கொட்டுகிறார். முதலில் நுரை பொங்கும், அப்புறம் தண்ணீர் 20 மீட்டர் வரை பீறிடும். சுற்றிலும் இருக்கை போட்டிருக்கிறார்கள். இவ்வளவு தூரம் போய்ப் பார்ப்பது ஏற்பாடு செய்த காட்சியையா?

மலர்விழி: நான் இதை ஏற்கவில்லை. சூட்டையும் தண்ணீரையும் சோப்பு உண்டாக்கவில்லை, இரண்டும் பூமிக்கடியிலிருந்து வருபவை. சோப்பால் தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைந்ததும், கொதிக்கத் தயாராக இருந்த தண்ணீர் பொங்கிவிடுகிறது, அவ்வளவுதான். 1901-ல் அங்கே துணி துவைக்கப் போன கைதிகள் தற்செயலாகக் கண்டுபிடித்தது இது. முட்டி வலியோடு வரும் பெரியவர்களையும் கைக்குழந்தையையும் அழைத்துப் போகிறவர்களுக்கு நேரம் தெரிந்த ஊற்று எவ்வளவு பெரிய உதவி! அவர்களைப் போகாதே என்று சொல்ல மனசு வரவில்லை.

வழிப்போக்கன்: நேரம்தான் சிக்கல் என்றால் சோப்பில்லாமலே வழி இருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்ட் ஃபெயித்ஃபுல் என்ற ஊற்று எத்தனை நிமிடம் பீறிட்டது என்று பார்த்தே அடுத்ததைக் கணிக்கிறார்கள். இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கினால் அடுத்தது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், அதற்கு மேல் நீடித்தால் ஒன்றரை மணி நேரத்தில். பெரும்பாலும் பத்து நிமிடம் முன்பின் இருக்கும். ஐஸ்லாந்தின் ஸ்ட்ரோக்கூர் ஊற்றில் அந்தக் காத்திருப்பும் இல்லை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை பீறிடும். கண்ணை எடுக்காமல் பாருங்கள்: குளத்து நீர் ஏறி இறங்கி மூச்சு விடும், திடீரென்று நடுவில் நீலக் கண்ணாடிக் குமிழி போல உப்பும், அடுத்த நொடி உடைந்து மேலே பாயும். அந்த நீலம் ஒரு நொடிக்குக்கூட நிற்காது. எப்போது வரும் என்று தெரியாமல் நின்றால்தான் அது மனதில் பதியும்.

மலர்விழி: நியூசிலாந்துக்கு டிக்கெட் எடுத்தவரிடம் ஐஸ்லாந்து போ என்றால் எப்படி?

வழிப்போக்கன்: சரி, நியூசிலாந்தின் ரோட்டோருவா நகரிலேயே போஹுட்டு ஊற்று இருக்கிறதே! தானாகவே பீறிடுவது, 30 மீட்டர் வரை எழும். லேடி நாக்ஸ் இருக்கும் வைஓடாபுவிலிருந்து வண்டியில் அரை மணி நேரம்தான்.

பாறைப்பித்தன்: போஹுட்டு பேச்சு வந்ததால் சொல்கிறேன். அந்தப் பகுதி ஊற்றுகள் ஒரு காலத்தில் நலிந்து போயின. காரணம் சோப்பு இல்லை, வீடுகளையும் விடுதிகளையும் சூடாக்கத் தோண்டிய ஆழ்துளைக் கிணறுகள். 1980-களின் பிற்பகுதியில் போஹுட்டுவைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்தவற்றை அரசு மூடிய பிறகுதான் ஊற்றுகள் தேறின. நீங்கள் இருவரும் சோப்பிலேயே நிற்கிறீர்கள்.

மலர்விழி: அதைத்தான் நானும் சொல்கிறேன். நிஜக் கேடு வேறு இடத்தில் இருக்கிறது.

வழிப்போக்கன்: கேடு பழக்கத்திலும் இருக்கிறது. யெல்லோஸ்டோனின் மார்னிங் குளோரி குளத்தில் பயணிகள் காசும் குப்பையும் போட்டுப் போட்டு, அடியில் துவாரம் அடைபட்டு, நீரின் சூடு குறைந்தது. ஓரத்தில் மட்டும் வாழ்ந்த நுண்ணுயிர்கள் உள்ளே பரவி, நீலமாக இருந்த குளம் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறிவிட்டது. ஊற்றுக்குள் எதையாவது போட்டால் வேடிக்கை நடக்கும் என்று நாமே கூட்டத்துக்குக் காட்டலாமா?

மலர்விழி: லேடி நாக்ஸில் போடுவது ஊழியர், அதுவும் விளக்கம் சொல்லிவிட்டு. காசு போட்டவர்களுக்கு விளக்கம் சொல்ல யாருமில்லை. ஆனாலும், ஒரே நாள்தான் இருக்கிறது என்பவருக்கு இனி போஹுட்டுவைத்தான் முதலில் சொல்வேன். இரண்டு நாள் இருந்தால் இரண்டும்.

வழிப்போக்கன்: இரண்டு நாள் இருந்தால் இரண்டு நாளும் போஹுட்டு.

புதுவரவு: நான் அடுத்த மாதம் போகிறேன், குழந்தைகளுடன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பாறைப்பித்தன்: நடைபாதையை விட்டு ஓர் அடிகூட இறங்க விடாதீர்கள். கெட்டித் தரை போலத் தெரியும், சில இடங்களில் மெல்லிய ஓடுதான், கீழே கொதிநீர். யெல்லோஸ்டோனில் மட்டும் இப்படி வெந்து இறந்தவர்கள் இருபதுக்கு மேல். சின்னவர்களின் கையை விடாதீர்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். சாரல் பட்டால் மூக்குக்கண்ணாடியையும் கேமரா லென்ஸையும் உடனே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் ஊற்று நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா என்ற தாது கறையாக ஒட்டிக்கொள்ளும்.