காவேரி நடுவுல இருக்கற திட்டுக்கு சைக்கிள்ல போக வழி சொல்லுங்க
வணக்கமுங்க. வர்ற ஞாயித்துக்கெழம நானும் எம்பட தம்பி பையனும் ஈரோட்டுல இருந்து சைக்கிள்ல காங்கயம்பாளையம் போலாம்னு இருக்கோம், காங்கேயம் இல்லீங்க, சாவடிப்பாளையம் பக்கம், காவேரி நடு ஆத்துல பாறைத்திட்டு மேல நட்டாற்றீஸ்வரர் கோயில் இருக்குதே அங்க. திட்டு சின்னதுதான், சைக்கிள கரையில நிறுத்திட்டு நடந்தே சுத்திரலாம், ஆனா எனக்கு போற வழியிலதான் ஆச. மெயின் ரோட்டுல லாரிக்கு பயந்துட்டு போறதுக்கு காலிங்கராயன் வாய்க்கா கரையிலயே போனா எப்பிடிங்க? 1283ல வெட்டி முடிச்ச வாய்க்கா, பவானியில இருந்து கொடுமுடி பக்கம் வரைக்கும் வளஞ்சு வளஞ்சு போகும், பாம்பு காட்டுன வழின்னு எங்க அப்பாரு சொல்லுவாரு.

போன தடவ வேலமுள்ளு ஏறி ரெண்டு டயரும் பஞ்சர், தள்ளிட்டே வீடு வந்தேன், அந்தக் கத வேண்டாம். கரையில எதுவரைக்கும் சைக்கிள் போவுமுங்க? மேட்டூர்ல தண்ணி ஜாஸ்தியா தொறந்துட்டா திட்டுக்கு உடறாங்களா? மத்தியானம் நட சாத்திருவாங்களா? அக்கட்ட நாமக்கல் கரைக்கு பரிசல் இப்பவும் ஓடுதுங்களா, சைக்கிள ஏத்துவாங்களா? அந்தப் பக்கத்துக்காரங்க யாராச்சும் சொன்னீங்கன்னா வெள்ளனே கெளம்பிருவோம்.