தீம் பார்க்கில் கழுத்தில் பாஸ் தொங்கவிடுவது அவசியமா?

கடைசிவரிசை:
போன வாரம் ஒரு ரோலர் கோஸ்டர் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு குடும்பம், எட்டுப் பேர். எட்டுப் பேர் கழுத்திலும் லேன்யார்டு, அதாவது அட்டை தொங்கவிடும் கயிறு, அதில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் வருடாந்திர பாஸ். எல்லோரும் ஏறி உட்கார்ந்து பாதுகாப்புக் கம்பியை இறக்கிய பிறகுதான் ஆபரேட்டர் கவனித்துக் கழற்றச் சொன்னார். ஒருவர் பாக்கெட்டில் திணிக்கிறார், அது நுழையவில்லை, இன்னொருவர் சட்டைக்குள் விடுகிறார், பாட்டிக்கோ கயிறு மூக்குக்கண்ணாடிச் சங்கிலியோடு சிக்கிக்கொண்டது. அந்த ஒரு வண்டி கிளம்பவே நான்கு நிமிடம். ஆபீஸில்தான் தினமும் கழுத்தில் டேக் மாட்டிக்கொண்டு திரிகிறோம், லீவு போட்டுவிட்டு வந்த இடத்திலும் அதேதானா? பர்ஸில் வைத்தால் குறைந்தா போய்விடும்? பாதிப் பேர் 'நாங்கள் வருஷ பாஸ்காரர்கள்' என்று காட்டிக்கொள்ளத்தான் மாட்டுகிறார்கள் என்பது என் கட்சி.

இரட்டையர்அம்மா:
காட்டிக்கொள்ளவா! ஒரு கையில் ஸ்ட்ரோலர், இன்னொரு கையில் 'அம்மா அவசரம்' என்று நெளிகிற பிள்ளை, இதற்கு நடுவில் பர்ஸைத் திறந்து பாஸைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? பாஸ் வாசலில் ஒரு தடவை நீட்டுகிற சமாச்சாரம் இல்லை. வரிசையைத் தாண்டிப் போகும் பாஸ் என்றால் ஒவ்வொரு ரைடு வாசலிலும் ஸ்கேன், சில இடங்களில் சாப்பாட்டுத் தள்ளுபடிக்கும் அதே அட்டைதான். போனில் வைத்துக்கொள் என்று அடுத்து யாராவது சொல்லுவார்கள். பார்க்கின் ஆப், மேப், போட்டோ என்று ஓடி மத்தியானத்துக்கே என் போன் படுத்துவிடும். கழுத்தில் தொங்கினால் குனிந்து காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

பழையஆபரேட்டர்:
ரைடு இயக்கும் வேலையில் மூன்று சீசன் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எரிச்சலை விடுங்கள், ஆபத்தைப் பாருங்கள். வண்டி சரேலென்று இறங்கும்போது உங்கள் உடம்பைக் கம்பி பிடித்துக்கொள்ளும், லேன்யார்டைப் பிடிக்க யாரும் இல்லை. அது மேலே எழும்பும், சுழலும், அந்தப் பிளாஸ்டிக் உறையின் முனை உங்கள் முகத்தில் அடிக்கும், அல்லது கயிறு கம்பியில் மாட்டும். 'என்னுடையது இழுத்தால் கழன்றுகொள்ளும் வகை' என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். பிடரியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பூட்டு இருக்குமே, அதுதான். கழுத்து இறுகாமல் இருக்க அது நல்லதுதான், குழந்தைக்கு வாங்கினால் அது இல்லாமல் வாங்கவே கூடாது. ஆனால் ரைடில் கழன்றால் எங்கே போகும்? கீழே நடந்து போகிறவர் தலைக்கு, இல்லையென்றால் தண்டவாளத்துக்கு. தண்டவாளப் பகுதியில் ஏதாவது விழுந்தது தெரிந்தால் ரைடையே நிறுத்த வேண்டி வரும். உங்கள் நான்கு நிமிடம் அப்போது அரை மணி ஆகும்.

இரட்டையர்அம்மா:
ரைடில் போட்டுக்கொண்டு ஏறு என்று நான் எங்கே சொன்னேன்? வரிசையில் நிற்கும்போதே கழற்றிச் சுருட்டி, ஜிப் வைத்த பாக்கெட்டுக்குள் போட்டுவிடுவேன். அந்த எட்டுப் பேருக்கு இது தெரியவில்லை என்றால் அது கயிற்றின் குற்றமா?

பின்சேகரிப்பு:
லேன்யார்டு என்றாலே பாஸ்தான் என்று பேசுகிறீர்கள். டிஸ்னி பூங்காக்களில் அது 'பின்' எனப்படும், ஊசியால் குத்திக்கொள்ளும் சின்ன அலங்கார வில்லைகளைச் சேகரித்து மாற்றிக்கொள்கிறவர்களின் அடையாளம். 1999-இல் புளோரிடாவில் மில்லினியக் கொண்டாட்டத்தை ஒட்டி ஆரம்பித்த பழக்கம், ஊழியர்களே கழுத்தில் பின்கள் குத்திய பட்டையோடு நிற்பார்கள், உங்களுடையதில் ஒன்றைக் கொடுத்து அவர்களுடையதில் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அடுத்தவர் லேன்யார்டைத் தொடாமல் பேச வேண்டும் என்பதுகூட எங்களுக்குள் ஒரு மரியாதை. கூச்ச சுபாவமுள்ள என் பையன் முன்பின் தெரியாதவரிடம் போய் முதன்முதலில் வாய் திறந்து பேசியது இதற்காகத்தான், ஆகவே எனக்கு அது வெறும் கயிறு இல்லை.

பழையஆபரேட்டர்:
பின் விஷயம் இன்னும் மோசம், கோபித்துக்கொள்ளாதீர்கள். பின்பக்க ரப்பர் பிடிப்பு கழன்றால் ஊசி. 2021-இல் புளோரிடாவின் யுனிவர்சல் பூங்காவில் திறந்த வெலாசிகோஸ்டர் என்கிற ரோலர் கோஸ்டரில் மெட்டல் டிடெக்டரைத் தாண்டித்தான் ஏற முடியும், அங்கே உங்கள் கழுத்துப் பொக்கிஷம் மொத்தமும் லாக்கருக்குத்தான் போகும்.

சாம்பல்பூனை:
எல்லோரும் கயிற்றைப் பற்றியே பேசுகிறீர்கள், அட்டையில் இருக்கும் பார்கோடை யாரும் யோசிக்கவில்லை. கழுத்தில் பாஸோடு கோட்டை முன் நின்று செல்ஃபி எடுத்து அப்படியே ஊருக்குக் காட்டுகிறார்கள். பெரிதாக்கினால் கோடுகள் தெளிவாகத் தெரியும், பெயரும் தெரியும். வால்ட் டிஸ்னி வேர்ல்டு மாதிரி வாசலில் விரலையும் ஸ்கேன் செய்கிற இடத்தில் பரவாயில்லை. பார்கோடு மட்டும் போதும் என்கிற இடத்தில், உங்கள் பாஸை வேறொருவர் பயன்படுத்த அந்த ஒரு படம் போதும். மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அட்டையைத் திருப்பிப் போடுங்கள்.

கடைசிவரிசை:
இதை நான் யோசிக்கவே இல்லை. டிஸ்னியில் 2013-லேயே கைப்பட்டை வந்துவிட்டதே, மணிக்கட்டைக் காட்டினால் வேலை முடிந்தது. மற்ற பார்க்குகளும் அப்படிச் செய்தால் இந்தக் கழுத்து அலங்காரமே வேண்டாம்.

மெல்லநட:
கழுத்து அலங்காரம் என்றதும்தான் எழுதத் தோன்றியது. நான் மாட்டுவது பச்சைப் பட்டையில் மஞ்சள் சூரியகாந்திப் பூ போட்டது. 2016-இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ஆரம்பித்தது, வெளியே தெரியாத குறைபாடு இருப்பவர்களுக்கானது. அதைப் போட்டால் வரிசையைத் தாண்டிப் போகலாம் என்று நினைக்கிறார்கள், அப்படி எந்த உரிமையும் அது தருவதில்லை, 'இவருக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவைப்படலாம்' என்று ஊழியருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். இதைப் பர்ஸில் வைத்தால் என்ன பயன்? பின்னால் நிற்பவர் 'சீன் போடுகிறான்' என்று முணுமுணுத்ததையும் கேட்டிருக்கிறேன்.

கடைசிவரிசை:
மன்னியுங்கள், உங்களைச் சொல்லவில்லை. அது வேறு, தேவையானது. வருஷ பாஸ் விஷயத்தில் மட்டும் என் கருத்து அப்படியேதான்.

இரட்டையர்அம்மா:
யாருடையது தேவை, யாருடையது பந்தா என்று வரிசையில் பின்னால் நின்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? சரி, அதை விடுங்கள், அந்தப் பாட்டி கடைசியில் என்ன ஆனார்?

கடைசிவரிசை:
இறங்கிவிட்டார். மற்ற ஏழு பேருடைய லேன்யார்டையும் வாங்கித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, வெளியே வரும் வழியில் பெஞ்சில் ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ரைடு முடிந்து வரும்போதும் அங்கேயேதான் இருந்தார்.