மாமியாரைப் 'பிகட்' என்று சொல்லிவிட்டாள் மகள். அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?

கேள்வி: கத்ர் போர்ன் வாசகி

எல்லாருக்கும் வணக்கம். நான் மொரீசியஸ், கத்ர் போர்னில் இருக்கிறேன். மகள் எச்.எஸ்.சி.க்குப் படிக்கிறாள். ஜெனரல் பேப்பர் கட்டுரைகளுக்காக நேரோ-மைண்டட், பிகட், பரோக்கியல், இன்சுலர், பிரெஜுடிஸ் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள். அகராதியைப் பார்த்தால் பாதிக்கு மேல் 'குறுகிய மனப்பான்மை' என்றே போட்டிருக்கிறது. இதை இங்கே கேட்பதற்குக் காரணம் பரீட்சை மட்டும் இல்லை. வீட்டில் நடந்த ஒன்று.

காவடி விரதம் நடந்துகொண்டிருந்தது. பத்து நாளும் மாமியார் அடுக்களையை மிகவும் சுத்தமாக வைத்திருப்பார். தனிப் பாத்திரம், மாமிசம் முட்டை எதுவும் வாசல் தாண்டக்கூடாது. அன்றைக்கு மகளின் வகுப்புத் தோழி, ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் குடும்பத்துப் பெண், அவள் அம்மா சுட்ட கேக்கோடு வந்தாள். மாமியார் சிரித்த முகத்தோடுதான் வாங்கினார். ஆனால் உள்ளே கொண்டுபோகவில்லை, வராந்தா மேசையிலேயே வைத்துவிட்டார். அந்தப் பெண் போனதும் மகள் சண்டை பிடித்தாள். முதலில் 'நேரோ-மைண்டட்' என்றாள், அப்புறம் 'பிகட்' என்றாள்.

மாமியாருக்கு ஆங்கிலம் அதிகம் வராது, பிரெஞ்சு நன்றாகப் புரியும். அவர் அதைப் பிரெஞ்சுச் சொல்லாக எடுத்துக்கொண்டு, "ஆமாம், நான் சாமி சாமி என்று இருப்பவள்தான், அதற்கு ஏன் கத்துகிறாய்?" என்று கேட்டார். என் கணவருக்கு ஆங்கிலப் பொருள் தெரியும், அவர் மகளிடம் ஒரு வாரம் பேசவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்று இரவு மாமியார் என்னிடம், "அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ரொம்பச் சேர விடாதே, அவர்களுக்கு ஒழுங்கு கிடையாது" என்றார். அந்தக் குடும்பத்தை அவருக்குத் தெரியவே தெரியாது. மகளும் அதைக் கேட்டுவிட்டாள்.

இந்தச் சொற்களுக்குள் என்ன வித்தியாசம்? மகள் சொன்னது சரியா?

பதில் 1: போர்ட் லூயி

எல்லாம் ஒன்றுதான் அம்மா. ஆங்கிலத்தில் ஒரே விஷயத்துக்குப் பத்துச் சொல் இருக்கும். பரீட்சையில் எதைப் போட்டாலும் மார்க் கொடுப்பார்கள். வீட்டுப் பெரியவர்களை ஆங்கிலத்தில் திட்டக்கூடாது என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பதில் 2: ரோஸ் ஹில், ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை

மேலே எழுதிய தம்பியோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாம் ஒன்று என்று நினைத்ததால்தான் அந்தப் பிள்ளை ஒரு சின்னக் கோபத்துக்குப் பெரிய சொல்லை எடுத்து வீசியது. குறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்தச் சொற்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன. சிலருக்குக் குறை அறிவில், சிலருக்கு மனத்தில், சிலருக்குக் காதில். காதில் என்றால், அடுத்தவர் சொல்வதைக் கேட்க மறுப்பது.

பிகட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், உங்கள் வீட்டில் தீ வைத்தது அதுதானே. உங்கள் மாமியார் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பிரெஞ்சில் 'பிகோ' என்றால் இன்றும் அளவுக்கு மீறிப் பக்தி பிடித்தவர், கோயிலே கதி என்று கிடப்பவர். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் பக்தி வேடம் போடுகிறவர் என்பதுபோன்ற பொருள்தான் இருந்தது. அப்புறம் ஆங்கிலத்தில் அது திசை மாறியது. தன் மதம், தன் கட்சி, தன் இனம் மட்டுமே சரி என்று பிடிவாதமாக நின்று, மற்றவர்களை வெறுக்கவும் செய்கிறவரைக் குறிக்க ஆரம்பித்தது. இன்றைய ஆங்கிலத்தில் பிகட் என்பது மிகக் கடுமையான வசை. அதில் வெறுப்பு கட்டாயம் இருக்க வேண்டும். விரத நாளில் முட்டை போட்ட கேக்கை வராந்தாவில் வைத்தவரிடம் வெறுப்பு எங்கே இருக்கிறது? அவர் சிரித்த முகத்தோடு வாங்கினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டை ஒருவர் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரிக்ட்' என்பார்கள், பக்தியோடு செய்தால் 'டிவவுட்'. நம் வீடுகளில் விரதத்தைக் 'கரேம்' இருக்கிறோம் என்று சொல்வோமே, அதைக் கேலி செய்ய ஆங்கிலச் சொல் தேட வேண்டியதில்லை. தோழியின் வீட்டுக்கு மாமியார் போய், 'நீங்களும் கேக்கில் முட்டை போடக்கூடாது' என்று சொல்லியிருந்தால் பேச்சே வேறு.

ஆனால் அன்று இரவு அவர் சொன்னதை நான் விடமாட்டேன். தெரியாத குடும்பத்துக்கு 'ஒழுங்கு கிடையாது' என்று முடிவு கட்டினார் பாருங்கள், அதுதான் பிரெஜுடிஸ். விசாரிக்கும் முன்னே தீர்ப்பு எழுதிவிடுவது என்பதுதான் அந்தச் சொல்லின் லத்தீன் மூலம். தமிழில் 'தப்பெண்ணம்' என்பார்கள், 'முன்முடிவு' இன்னும் பொருத்தம் என்பது என் எண்ணம். நம் பிள்ளைகள் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் படிப்பதால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: பிரெஞ்சில் 'ப்ரெழுதீஸ்' என்றால் ஒருவருக்கு நேர்ந்த கேடு, நஷ்டம். முன்முடிவுக்குப் பிரெஞ்சுச் சொல் 'ப்ரெழுழே'. பாதிப் பிள்ளைகள் விழுவது இங்கேதான். வக்கீல் கடிதத்தின் தலையில் 'விதௌட் பிரெஜுடிஸ்' என்று இருப்பதும் அந்தப் பழைய கேடு என்ற பொருளில்தான்: இதை எழுதுவதால் எங்கள் உரிமைக்குப் பங்கம் வரக்கூடாது என்பது.

ஆக, உங்கள் மகள் சரியான ஆளிடம், தவறான நேரத்தில், தவறான சொல்லைச் சொல்லியிருக்கிறாள். கேக்குக்காகக் கோபித்திருக்கக் கூடாது. இரவுப் பேச்சுக்குக் கோபித்திருக்கலாம். அதற்கும் 'பிகட்' வேண்டாம். "பாட்டி, தெரியாதவர்களைப் பற்றி ஏன் இப்படி முடிவு கட்டுகிறீர்கள்?" என்று தமிழிலோ கிரியோலிலோ கேட்டிருந்தால் போதும்.

இனி மற்றவை. பரோக்கியல் என்பது 'பாரிஷ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் ஊரில் 'பருவாஸ்' என்கிறோமே, மாதாகோயில் வட்டாரம், அதேதான். தன் வட்டாரத்துக்கு வெளியே உலகம் இருப்பதே மனத்தில் படாதவர். பிரெஞ்சில் இதற்கு 'எஸ்ப்ரி தெ க்லோஷே', மணிக்கூண்டு தெரியும் தூரத்தோடு நின்றுபோன மனம். நம் கிணற்றுத் தவளை இங்கேதான் சேரும். தவளைக்கு யார் மேலும் பகை இல்லை, கிணறுதான் கடல் என்று நினைக்கிறது. அதனால் பரோக்கியலாக இருப்பவரைத் திருத்துவது சுலபம், வெளியே கூட்டிப்போய்க் காட்டினால் போதும். பிகட்டுக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

இன்சுலர் என்பது தீவு என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சில் 'அன்சுலேர்' என்றால் வெறுமனே தீவில் வாழ்கிறவர், அதில் பழி எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் வெளியுலகத்தோடு ஒட்டாதவர் என்ற குறை ஏறிவிட்டது. எனக்கு இது வருத்தம்தான். கிரியோல், போஜ்புரி, தமிழ், தெலுங்கு, உருது, ஹக்கா எல்லாம் சுமார் 1,865 சதுர கிலோமீட்டருக்குள் கலந்து வாழ்கிற தீவு இது. கட்டுரையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தட்டும், ஆனால் தீவு என்பதாலேயே மனம் சுருங்கும் என்று எழுத வேண்டாம்.

பிளிங்கர்ட்: ஷான் தெ மார்ஸில் குதிரைப் பந்தயம் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1812 முதல் அங்கே ஓடுகிறார்கள். குதிரையின் கண்ணுக்குப் பக்கத்தில் மறைப்புக் கட்டியிருக்கும், பக்கவாட்டில் பார்த்து மிரளாமல் நேரே ஓட. ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறவருக்கு இந்தச் சொல். ஹைட்பவுண்ட் என்பது தீனி இல்லாமல் மெலிந்து, தோல் எலும்போடு ஒட்டிப்போன மாட்டைச் சொன்ன சொல். பழைய விதியை விட்டு ஓர் அங்குலம் அசையாத மனிதருக்கும் அலுவலகத்துக்கும் இப்போது சொல்கிறார்கள். டாக்மாட்டிக் என்றால் தன் கருத்தைக் கேள்விக்கு இடமில்லாத சட்டம்போல் பேசுவது. பெட்டி-மைண்டட் என்றால் சின்னப்புத்தி, அவ்வளவுதான்.

நேரோ-மைண்டட் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான, கொஞ்சம் மென்மையான சொல். புதிய கருத்தையோ வேறு வாழ்க்கை முறையையோ ஏற்க மனம் இடம் தராது என்பது மட்டும். வெறுப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எதிர்ச்சொல்லிலும் ஒரு நுணுக்கம் உண்டு: ஓப்பன்-மைண்டட் என்றால் புதிய கருத்தைக் காது கொடுத்துக் கேட்கத் தயாராக இருப்பவர். பிராட்-மைண்டட் என்றால் அடுத்தவரின் வாழ்க்கை முறையைப் பார்த்து முகம் சுளிக்காதவர்.

பதில் 3: டர்பன்

தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறேன். கோயில் வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கான்ஸில் 'ஃபெர்கிராம்ப்' என்று ஒரு சொல் உண்டு, உடம்பு பிடித்துக்கொண்டு இறுகிப்போனது என்ற பொருள். எதிர்ச்சொல் 'ஃபெர்லிக்', ஒளி பெற்றவர். 1960களில் ஆளும் தேசியக் கட்சிக்குள்ளேயே கடும்போக்குக்காரர்கள், கொஞ்சம் இளகியவர்கள் என்ற இரண்டு கூட்டத்துக்கும் இந்தப் பெயர்கள் வந்தன. நியூசிலாந்து ரக்பி அணியில் மாவோரி ஆட்டக்காரர்கள் வரலாமா என்பதற்குக்கூடச் சண்டை. 1969இல் ஃபெர்கிராம்ப் ஆட்கள் ஆல்பர்ட் ஹெர்ட்சாக் தலைமையில் தனிக்கட்சி வைத்தார்கள்.

ஆனால் ஒளி பெற்றவர்கள் என்று பெயர் வாங்கியவர்களும் நிறவெறி ஆட்சிக்குள்தான் இருந்தார்கள். இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்து 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில் டர்பனின் காட்டோ மேனரிலிருந்து எங்கள் குடும்பத்தைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டார்கள். பாட்டி வைத்த மாமரம், கோயில், தோட்டம் எல்லாம் போயிற்று. அதைச் செய்தவர்களைக் 'குறுகிய மனம் படைத்தவர்கள்' என்று யாராவது எழுதினால் எனக்குப் பொறுக்காது. அது ரேசிசம். சட்டமாக எழுதி, லாரி வைத்து நடத்திய ரேசிசம். டீச்சர், சின்னக் கோபத்துக்குப் பெரிய சொல் கூடாது என்றீர்கள். பெரிய கொடுமைக்குச் சின்னச் சொல்லும் கூடாது.

பதில் 4: போ பாசான்

ஒரு சொல் விட்டுப்போயிற்று: கம்யூனல். இங்கிலாந்தில் கம்யூனல் கிச்சன் என்றால் எல்லாருக்கும் பொதுவான அடுக்களை, நல்ல சொல். நம் நாட்டிலும் இந்தியாவிலும் அது இனவாதம் பேசுகிறவர் என்ற வசை. 1998இல் புதிய ரூபாய் நோட்டு வந்தபோது, ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் எதிர்த்தோம், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, பழைய வரிசையே மீண்டும் வந்தது. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் எங்களைக் கம்யூனல் என்றார்கள். இருந்த இடத்தைக் கேட்டது எப்படிக் குறுகிய மனம் ஆகும்? இன்னும் மனது ஆறவில்லை.

பதில் 5: ரோஸ் ஹில், ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை

டர்பன் அன்பருக்கு: நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். என் பதிலில் நான் அந்த எல்லை வரை போகவில்லை, நீங்கள் போனதற்கு நன்றி. உங்கள் தமிழில் குறை எதுவும் இல்லை.

போ பாசான் அண்ணனுக்கு: தன் மொழிக்கு இருந்த இடத்தைக் கேட்பது கம்யூனல் இல்லை. அதே நேரத்தில், அந்தச் சண்டையில் நம் பக்கத்திலிருந்து சிலர் இந்தி பேசுகிறவர்களையே பழித்துப் பேசியதையும் நான் காதால் கேட்டேன். அந்தப் பேச்சுக்கு அந்தப் பெயர் பொருந்தும். கோரிக்கையை ஒரு பக்கமும் பழிச்சொல்லை ஒரு பக்கமும் வைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: கத்ர் போர்ன் வாசகி

டீச்சர், எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். கேக் விஷயத்தில் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்க ஒப்புக்கொண்டாள். இரவுப் பேச்சைப் பற்றியும் பாட்டியிடம் கேட்பேன் என்கிறாள். நான் தடுக்கவில்லை. பரீட்சைக்கு ஒரு சந்தேகம் மட்டும்: பிகட்டையும் பிரெஜுடிஸையும் வாக்கியத்தில் எப்படிப் போடுவது?

பதில் 6: ரோஸ் ஹில், ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை

கேட்கட்டும் அம்மா, நல்லது. நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

பிகட் என்பது ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல், அதனால் 'ஏ பிகட்'. 'ஹி இஸ் பிகட்' என்று எழுதினால் பிழை, அங்கே 'பிகட்டட்' வர வேண்டும். குணத்துக்குப் 'பிகட்ரி'. பிரெஜுடிஸுக்குப் பின்னால் 'அகெய்ன்ஸ்ட்' வரும், சகிப்பில்லாதவர் என்ற பொருளுள்ள இன்டாலரண்டுக்குப் பின்னால் 'ஆஃப்'. 'பிரெஜுடிஸ்ட்' என்று எழுதும்போது கடைசி 'டி' எழுத்தை விட்டுவிடுகிறார்கள், அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுரையில் ஒரு மனிதரைப் பிகட் என்று எழுதினால், அவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்று அடுத்த வரியிலேயே காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் நேரோ-மைண்டட் என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.